உங்களுக்குத் தெரியுமா? சிட்னியிலும் மெல்பர்னிலும் வாசகரைத் தேடிப் போகும் புத்தகங்கள்

சிட்னிக்காரரான மேத்யூ ரைலியின் முதல் நாவல் 'கான்டெஸ்ட்'. பெரிய பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. அவரோ 1996-இல் சொந்தக் காசில் 1,000 பிரதி அச்சடித்து, கடை கடையாக ஏறி இறங்கினார். நகரத்துக் கடை ஒன்றில் அதைக் கையில் எடுத்துப் பார்த்த பான் மேக்மில்லன் பதிப்பாளர் கேட் பேட்டர்சன் அவரைத் தேடிப் பிடித்தார். அதோடு நிற்கவில்லை ரைலி. 2004-இல் 'ஹோவர் கார் ரேசர்' நாவலைப் பகுதி பகுதியாக இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டார். முகநூலும் இன்ஸ்டாகிராமும் பரவுவதற்கு முந்தைய கதை இது.

மெல்பர்ன் டிராம் இருக்கையில் ஒரு புத்தகம் கிடந்தால், யாரோ மறந்து போட்டுவிட்டுப் போனது என்று நினைக்க வேண்டாம். 2016-இல் அலி பெர்க், மிஷெல் கேலஸ் என்ற தோழிகள் இருவர் 'புக்ஸ் ஆன் தி ரெயில்' இயக்கத்தைத் தொடங்கினார்கள். லண்டன் சுரங்க ரயிலில் 2012 முதல் நடந்துவந்த முயற்சிதான் முன்மாதிரி. புத்தக அட்டையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எடுத்துப் படிக்கலாம், முடித்ததும் அடுத்தவருக்காக வண்டியிலேயே விட்டுவிட வேண்டும். கண்டெடுத்தவர் சும்மா இருப்பாரா? உடனே படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார். எழுத்தாளர் தன் வாயால் சொல்லக் கூச்சப்படும் விளம்பரத்தை, முன்பின் தெரியாத வாசகர் சந்தோஷமாகச் செய்துவிடுகிறார். 2018-இல் அந்த இருவரும் சேர்ந்து எழுதிய 'தி புக் நிஞ்ஜா' நாவலின் நாயகியும் ரயிலில் புத்தகங்களை விட்டுவிட்டுத்தான் காதலனைத் தேடுகிறாள்! சிட்னியின் துங்காபி, பெண்டில் ஹில் நிலையங்களில் தினமும் எத்தனை தமிழர்கள் ரயிலேறுகிறார்கள். ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பை இப்படி ஓடவிட்டுப் பார்க்க யாராவது முன்வர வேண்டும் என்பது என் ஆசை.

கதாபாத்திரத்துக்கே ஒரு கணக்கு தொடங்கலாம் என்பது தெரியுமா? மெல்பர்ன் எழுத்தாளர் கிரேம் சிம்ஷனின் 'தி ரோஸி புராஜெக்ட்' நாயகன், பேராசிரியர் டான் டில்மன், ட்விட்டரில் தன் குரலிலேயே பேசினார்.

இலவசமாகக் கொடுத்தால் புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்ற பயம் நம் எழுத்தாளர்களிடம் நிறைய இருக்கிறது. சிட்னியைச் சேர்ந்த நாகி மாயஹாஷியைப் பாருங்கள். 'ரெசிபிடின் ஈட்ஸ்' என்ற பெயரில் 2014 முதல் சமையல் குறிப்புகளைப் படமும் வீடியோவுமாக இணையத்தில் அள்ளிக் கொடுத்து வருகிறார். டோசர் என்ற அவரது நாய்க்கும் தனி ரசிகர்கள் சேர்ந்தார்கள். எட்டு வருடம் கழித்து, 2022-இல்தான் முதல் புத்தகம் 'டின்னர்' வந்தது. மறுவருடம் ஆஸ்திரேலியப் புத்தகத் துறை விருதுகளில் ஆண்டின் சிறந்த நூலாக அது தேர்வானது. அவர் குறிப்பைப் பார்த்துச் சமைத்து, குழம்பு கூடிவந்ததைக் கண்டவர்கள்தான் காசு கொடுத்து வாங்கினார்கள். கதை எழுதுகிறவருக்கும் இது பொருந்தும். நல்லதொரு பக்கத்தை முழுதாகப் படிக்கக் கொடுங்கள். ஒரு நிமிட ரீல்ஸில் நீங்களே வாசியுங்கள். அலுவலக ரயிலில் சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காக வாசகங்களைத் திரையிலும் ஓடவிடுங்கள்.

சிட்னியில் வாழும் ஈழத்தமிழ் வம்சாவளி எழுத்தாளர் சங்கரி சந்திரனின் 'சாங் ஆஃப் தி சன் காட்' ஆஸ்திரேலியாவில் பதிப்பாளர் கிடைக்காமல் 2017-இல் இலங்கையில் வெளியானது. சிட்னி முதியோர் இல்லம் ஒன்றைக் களமாகக் கொண்ட அவரது 'சாய் டைம் அட் சின்னமன் கார்டன்ஸ்' 2023-இல் மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருது பெற்றது. பரிசு 60,000 டாலர். இப்படி ஒரு புத்தகம் பட்ட பாடே வாசகரை இழுக்கும். வெட்டி எறிந்த அத்தியாயம், கதைக்காகத் தேடிப் பிடித்த பழைய வரைபடம், நூலில் வரும் ஒரு பலகாரத்தின் செய்முறை என்று வாரம் ஒன்றாகப் போட்டால் மாதக்கணக்கில் வரும்.

மெல்பர்ன் எழுத்தாளர் ஜேகே, 'படலை' என்ற தன் வலைப்பூவில் எழுதியவற்றிலிருந்து உருவானதுதான் 'என் கொல்லைப்புறத்துக் காதலிகள்'. ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 முதல் 2020 வரை இணையத்தில் தொடராக வந்து 26 நாவல்களாக நிறைந்தது. வாசகரைக் காத்திருக்கப் பழக்கிவிட்டால் அச்சுப் புத்தகத்துக்கும் கை நீளும்.

சிட்னியில் இருந்து டிக்டாக்கில் போடும் வீடியோ தமிழ்நாட்டில் யார் கண்ணிலும் படாது. 2020 ஜூன் முதல் இந்தியாவில் அதற்குத் தடை. இலங்கையிலும் கனடாவிலும் பார்ப்பார்கள். தமிழக வாசகர் வேண்டுமானால் அதே வீடியோவை யூடியூப் ஷார்ட்ஸிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றுங்கள்.

சிறார் எழுத்தாளர்கள் கவனிக்க: 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழானவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப், முகநூல் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். எனவே உங்கள் பதிவைப் படிக்கப் போவது பெற்றோர், ஆசிரியர், நூலகர் ஆகிய மூவரும்தான். அவர்களுக்கு என்று எழுதுங்கள். தமிழ்ப் பள்ளிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்கள் இந்தத் தடைக்குள் வரவில்லை. வகுப்பில் வாசிக்க இரண்டு பக்கம், கூடவே நாலு கேள்வி என்று அனுப்பினால் ஆசிரியருக்கும் உதவும்.

இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் இணைப்பு சொடுக்கினால் திறக்காது. புத்தகம் வாங்கும் இணைப்பை உங்கள் அறிமுகப் பகுதியில் வையுங்கள்.

நேரக் கணக்கும் முக்கியம். அக்டோபர் முதல் ஞாயிறில் இருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை சிட்னியும் மெல்பர்னும் சென்னை, யாழ்ப்பாணத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடும். மற்ற மாதங்களில் நாலரை. சென்னையில் சாப்பிட்டுவிட்டுப் போனை எடுக்கும் இரவு எட்டு மணிக்கு, கோடையில் சிட்னியில் ஒன்றரை. கண் விழிக்க வேண்டாம், முகநூல் பக்கத்தில் நேரம் குறித்து வைத்தால் தானே வெளியாகும். டொராண்டோ வாசகருக்கு நீங்கள் காலை பத்து மணிக்குப் போட்டால் போதும், டிசம்பரில் அங்கே முந்தைய நாள் மாலை ஆறு.