பணம் பறிபோனால் 1930, கணக்கு முடங்கினால்?

இணைய மோசடிகளில் இந்தியர்கள் 2024இல் பறிகொடுத்தது ரூ.22,845 கோடி. மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது. 2023இல் இந்தத் தொகை ரூ.7,465 கோடிதான்.

2016இல் அறிமுகமான யுபிஐ இன்று பூக்காரர் கூடை வரை க்யூஆர் அட்டையாக வந்துவிட்டது. 2020 ஜனவரி முதல், வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரர் கட்டணம் எதுவும் தர வேண்டியதில்லை. சிற்றூர் வியாபாரத்துக்கு இது பெரிய கைத்தாங்கல். ஆனால், போனில் வரும் பணம் பத்திரமானது என்று மக்கள் நம்பும்வரைதான் இது நிலைக்கும். அந்த நம்பிக்கையைக் காக்க அரசு செய்திருக்கும் ஏற்பாட்டை வாங்குபவரும் விற்பவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

திருட்டுப் பணம் எங்கே போகிறது?

மோசடிக்காரர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் பணம் வாங்குவதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தங்கள் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடுத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். ‘மியூல் அக்கவுண்ட்’ எனப்படும் அந்தக் கணக்குகளில்தான் பணம் விழுகிறது. சில நிமிடங்களில் அது பல துண்டுகளாகப் பிரிந்து வேறு வேறு வங்கிகளுக்குப் போகிறது. பிறகு ஏடிஎம்மில் எடுக்கிறார்கள், பொருள் வாங்குகிறார்கள், கிரிப்டோவாக மாற்றுகிறார்கள். அதுவரை போய்விட்டால் மீட்பது மிகக் கடினம்.

1930 என்ன செய்கிறது?

உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2021 ஏப்ரலில் தொடங்கிய ஏற்பாடு இது. முதலில் 155260 என்றிருந்த உதவி எண், பின்னர் 1930 ஆனது. நீங்கள் அழைத்ததும் உங்கள் மாநிலக் காவல் துறையினர் விவரத்தைக் கணினியில் பதிகிறார்கள். உடனே உங்கள் வங்கிக்குத் தகவல் போகிறது. பணம் எந்த வங்கிக்குப் போனது என்று பார்த்து, அந்த வங்கிக்கு எச்சரிக்கை செல்கிறது. அங்கே பணம் இன்னும் இருந்தால் நிறுத்திவைக்கப்படும். நகர்ந்திருந்தால் எச்சரிக்கை அடுத்த வங்கிக்குப் போகும். திருடனும் காவல் துறையும் ஒரே பாதையில் ஓடுவதால், முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம்.

அழைக்கும்போது வங்கியின் பெயர், போன தொகை, நாள், நேரம், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவை கையில் இருக்கட்டும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் முழுப் புகாரையும் பதிவுசெய்யுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டிப் பறிக்கும் கும்பல் படித்தவர்களையும் ஏமாற்றுகிறது. வீடியோ அழைப்பில் கைதுசெய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை.

வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் பணத்தை எடுத்திருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்து 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நஷ்டம் உங்களைச் சேராது. நீங்களே ஓடிபியைச் சொல்லிவிட்டிருந்தால், தெரிவிக்கும்வரை போனது உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு.

கடைக்காரர் கணக்கு ஏன் முடங்குகிறது?

திருடிய பணத்தில் ஒருவன் உங்கள் கடையில் துணி வாங்குகிறான் என்று வையுங்கள். சில வாரங்கள் கழித்து, வேறு மாநிலக் காவல் நிலையம் அந்தப் பணத்தின் தடத்தைப் பிடித்து உங்கள் கணக்கை முடக்கச் சொல்கிறது. வந்த பணம் ரூ.2,000 ஆக இருக்கலாம். முடங்குவது மொத்தக் கணக்கு. சரக்குக் கடன், வாடகை, ஆட்கள் சம்பளம் எல்லாம் அப்படியே நின்றுபோகும்.

சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும் என்று 2023இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. தொகையையும் காலத்தையும் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது.

முடங்கினால் என்ன செய்வது?

எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, சந்தேகத் தொகை எவ்வளவு என்பதை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். விற்ற பொருளுக்கான பில், அனுப்பிய ரசீது ஆகியவற்றை விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கோருங்கள். பதில் வராவிட்டால் நீதிமன்றத்தை அணுகலாம். பெரிய தொகை யுபிஐயில் வரும்போதெல்லாம் பில் போட்டு வைத்திருப்பது இதற்குத்தான் உதவும்.

இந்த வேலையைக் கடைக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்துவது நாடு முழுவதும் கட்டாய நடைமுறையாக வேண்டும். ஏன் முடக்கினோம் என்று கணக்குக்காரருக்கு அன்றே அவர் மொழியில் சொல்ல வேண்டும். வெளிமாநில வழக்குக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்திலேயே விளக்கம் தர வழி வேண்டும். பணத்தை இழந்தவரைக் காப்பாற்றும் வேகத்தோடு, நேர்மையாக விற்றவரின் பிழைப்பைக் காக்கும் அக்கறையும் சேர்ந்தால்தான் அது முழுமையான பாதுகாப்பு.