இரவில் பார்க்கும் கெமரா: வாங்கினால் மட்டும் போதுமா?

ஒரு பலநாள் படகு துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போது அதன் முதலாளியின் முதலும், படகில் உள்ள ஐந்தாறு பேரின் உயிரும் ஒன்றாகவே புறப்படுகின்றன. பகலில் கண் பார்த்துக்கொள்ளும். இருட்டிய பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ராடார் பூட்டிய படகாக இருந்தால் இரும்புக் கப்பல் தூரத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் பைபர் படகு, மரத்தோணி, தண்ணீரில் விழுந்த மனிதனின் தலை ஆகியவற்றை ராடார் சரியாகப் பிடித்துத் தருவதில்லை. நம் நாட்டு மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலானவை பைபரால் ஆனவையே. அவற்றுள் சில வெளிச்சம் கூட இல்லாமல் நிற்பதும் கடலுக்குப் போகிறவர்கள் அறிந்த விடயமே.

இந்தக் குறையை நிரப்பத்தான் வெப்பக் கெமரா வந்திருக்கிறது. வெளிநாடுகளில் உல்லாசப் படகுகளிலும் மீட்புப் படகுகளிலும் இது பல வருடங்களாகப் பாவனையில் உள்ளது. இங்கும் படகு முதலாளிமார் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். சிறிய ரகம் ஒன்றே ஆயிரக்கணக்கான அமெரிக்க டொலர் விலையாகும். 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை போனதை நாம் மறந்துவிடவில்லை. டொலரில் வாங்கும் பொருளைக் கெடுத்துக்கொண்டால் மறுபடியும் டொலரில்தான் வாங்க வேண்டும். ஆகவே இந்தக் கெமரா என்ன செய்யும், என்ன செய்யாது, எப்படி இயக்குவது, எப்படிக் காப்பாற்றுவது என்பதை வாங்கும் முன்னரே தெரிந்துகொள்வது நல்லது.

வெப்பத்தைப் பார்ப்பது எப்படி?

1800 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த வானியலாளர் வில்லியம் ஹேர்ஷல், சூரிய ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தால் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வெப்பமானி மேலே ஏறியது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத கதிர்தான் அகச்சிவப்புக் கதிர். மனிதன், எஞ்சின், பாறை, கடல் நீர் என எல்லாப் பொருளும் தன் வெப்பத்துக்கு ஏற்ப இதை வெளிவிடுகிறது. வெப்பக் கெமரா அதை வாங்கி, சூட்டின் வித்தியாசத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக்குகிறது. இதற்கு நிலவோ விளக்கோ தேவையில்லை.

இங்கே ஒரு விடயத்தை மனதில் வைக்க வேண்டும். கெமரா காட்டுவது சூட்டை அல்ல, சூட்டின் வித்தியாசத்தை. விற்பனைக்காகக் காட்டும் வீடியோக்களில் பல குளிர் நாட்டுக் கடல்களில் எடுக்கப்பட்டவை. பத்துப் பாகை குளிர் நீரில் மனிதத் தலை விளக்குப் போலத் தெரியும். எமது கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 28 பாகைச் சூட்டில் இருக்கிறது. நனைந்த தலைக்கும் அந்த நீருக்கும் இடையில் சில பாகை வித்தியாசமே இருக்கும். நல்ல கெமரா ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த வித்தியாசத்தைப் பிடிக்கும் என்பதால் ஆள் தெரிவான். ஆனால் வீடியோவில் கண்ட மாதிரித் தெரிவான் என்று எதிர்பார்க்கக் கூடாது. காற்றில் ஈரப்பதன் கூடினால் படம் மங்கும். அடை மழையில் இன்னும் மங்கும்.

எது தெரியாது?

முதலாவது, நீருக்குள் இருக்கும் மீன் தெரியாது. இந்தக் கதிர் தண்ணீருக்குள் ஒரு மில்லிமீற்றர் கூடப் போவதில்லை. மீன் கூட்டம் பார்க்கலாம் என்று எவராவது சொல்லி விற்க வந்தால் அவரை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, கண்ணாடிக்கு ஊடாகத் தெரியாது. சாதாரண கண்ணாடி இக்கதிரை மறித்துவிடும். அதனால்தான் இக்கெமராவின் வில்லை ஜேர்மானியம் என்ற விலையுயர்ந்த பொருளால் செய்யப்படுகிறது. கையில் பிடிக்கும் ரகத்தை வாங்கியவர் கெபினுக்குள் இருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால் கண்ணாடியின் சூடும் தன் முகத்தின் சாயலும்தான் தெரியும். வெளியே வந்துதான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, விளக்கின் நிறம் தெரியாது. எதிரே வரும் படகின் சிவப்பு விளக்கா பச்சை விளக்கா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். 1972 ஆம் ஆண்டின் சர்வதேச கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, கண்ணாலும் காதாலும் கிடைக்கும் மற்றெல்லா வழிகளாலும் காவல் பார்க்க வேண்டும் என்கிறது. கெமரா இருக்கிறது என்று காவல்காரனைத் தூங்க விடுவது சட்டப்படியும் பிழை, புத்தியின்படியும் பிழை.

நான்காவது, மிதக்கும் மரக்குற்றி, கொள்கலன் போன்றவை நாளில் இரண்டு தடவை மறையும். பகல் வெயிலில் அவை நீரை விடச் சூடாகும், இரவில் நீரை விடக் குளிரும். இடையில், பெரும்பாலும் விடியும் நேரத்தையும் பொழுதுபடும் நேரத்தையும் அண்டி, இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும். அவ்வேளையில் வித்தியாசம் இல்லை, ஆகவே படமும் இல்லை.

தூரக் கணக்கு

விற்பவர் சொல்லும் கிலோமீற்றரை விட நீங்களே போடும் கணக்கு நம்பகமானது. ஃபிளிர் நிறுவனத்தின் எம்232 என்ற சிறிய ரகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் படம் 320க்கு 240 புள்ளிகள் கொண்டது. அகலவாட்டில் 24 பாகை பார்க்கும். 100 மீற்றர் தூரத்தில் இது ஏறக்குறைய 42 மீற்றர் அகலத்தைக் காட்டும், ஒரு புள்ளிக்கு 13 சென்ரிமீற்றர். அதாவது நீரில் உள்ள தலை இரண்டு புள்ளி அகலமாகத் தெரியும். 500 மீற்றரில் ஒரு புள்ளி 66 சென்ரிமீற்றர் ஆகிவிடும். தலை அதில் ஒரு புள்ளிக்கும் குறைவு. ஒரு கிலோமீற்றரில் 10 மீற்றர் நீளமான படகு குறுக்காக நின்றால் ஏழு அல்லது எட்டுப் புள்ளி. அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும், என்ன படகு என்று தெரியாது. படகின் வேகத்தைக் குறைக்க அது போதும். ஆள் தேட வேண்டுமானால் நூறு இருநூறு மீற்றருக்குள் போய்த்தான் தேட வேண்டும்.

பொருத்தும் இடமும் இயக்கும் முறையும்

கெமரா உயரத்தில் இருக்க வேண்டும், ஆனால் கை எட்டாத உயரத்தில் அல்ல. தினமும் கழுவ முடியாத இடத்தில் பூட்டிய கெமரா ஒரு வருடத்தில் குருடாகிவிடும். எஞ்சின் புகைக்குழாய்க்குப் பின்னால் பூட்டக்கூடாது. கரி படியும், குழாயின் சூடும் படத்தைக் கெடுக்கும். ராடாரில் இருந்தும் திசைகாட்டியில் இருந்தும் தள்ளி வைக்க வேண்டும். வயர் இறங்கும் இடத்தில் ஒரு வளைவு விட்டால் மழை நீர் வயர் வழியே பொருத்துமுனைக்குள் போகாது.

இருட்ட அரை மணித்தியாலம் முன்பே போட்டுப் பாருங்கள். முன் தளத்தில் நிற்கும் ஆள் தெளிவாகத் தெரிகிறானா என்று பார்ப்பதே நல்ல சோதனை. சூடானதை வெள்ளையாகக் காட்டும் முறையில் தொடங்குவது இலகு. பழகிய பின் கறுப்பாகக் காட்டும் முறையையும் மாற்றிப் பார்க்கலாம். சில கடல் நிலைகளில் அதில்தான் சிறு பொருள் எடுபடும்.

கெமராவை வானத்தை நோக்கி அதிகம் தூக்கி வைக்காதீர்கள். வானம் மிகக் குளிராகத் தெரியும், கெமரா அதற்கேற்பத் தன் அளவைச் சரிசெய்துகொள்ளும், அப்போது கடலில் உள்ள சிறு வித்தியாசங்கள் அமுங்கிப் போகும். அடிவானம் படத்தின் மேற்பகுதியில் வரும்படி சற்றுக் கீழே சாய்த்து வைத்தால் கடல் நன்றாகத் தெரியும். சுற்றிப் பார்க்கும்போது மெதுவாகத் திருப்பி, இடையிடையே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது இடைக்கிடை ஒரு சிறு 'டிக்' சத்தம் கேட்டு, படம் ஒரு கணம் நின்று பிறகு ஓடும். இது பழுதல்ல. கெமராவுக்குள் இருக்கும் சிறு மூடி விழுந்து எழும்பித் தன் படத்தைத் தானே சீர்படுத்திக்கொள்கிறது. இதைத் தெரியாமல் பழுது என்று கழற்றி அனுப்பினால் அனுப்பும் செலவுதான் மிச்சம். மொனிட்டரின் வெளிச்சத்தையும் இரவில் நன்றாகக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் திரையைப் பார்த்த கண்ணுக்கு வெளியே எதுவும் தெரியாது. பார்த்து முடிந்ததும் கெமராவை ஒதுக்கி நிறுத்தும் நிலைக்குக் கொண்டுவந்து வில்லையை மூடிய பக்கமாகத் திருப்பி விடுங்கள். பகலில் சூரியனை நேரே பார்த்தபடி நிற்க விடாதீர்கள்.

பராமரிப்பில்தான் இருக்கிறது ஆயுள்

கடலில் இக்கெமராவுக்கு முதல் எதிரி உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் கதிரை விழுங்கும். காய்ந்த உப்பைத் துணியால் தேய்த்தால் அதன் மணிகள் வில்லையின் மேற்பூச்சைக் கீறிவிடும். கீறிய பூச்சை இங்கே எவராலும் திருத்த முடியாது.

சரியான முறை இதுதான். முதலில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கரைத்து ஓட விட வேண்டும். அதன் பிறகும் கறை நின்றால் சுத்தமான பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து மெல்லத் துடைக்க வேண்டும். உலர்ந்த துணி, சவர்க்காரத் தூள், தின்னர், பெற்றோல் எதுவும் ஆகாது. பலநாள் படகில் நல்ல தண்ணீருக்குப் பஞ்சம் என்பது உண்மைதான். ஆனாலும் இதற்கென்று ஒரு போத்தல் தண்ணீரும், டீசல் படாத ஒரு பழைய சாரத் துண்டும் தனியாக எடுத்து வைப்பது பெரிய சுமையல்ல. மீன் அறையில் ஐஸ் உருகிய நீரை எடுக்க வேண்டாம், அதில் மீன் கொழுப்பும் உப்பும் இருக்கும்.

கரைக்கு வந்தபின் வேறு ஆபத்து. படகை மேலே ஏற்றி அழுத்தக் குழாயால் கழுவுவார்கள், பைபரை உரசுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். அழுத்தக் குழாய் நீர் கெமராவின் அடைப்புகளுக்குள் புகும், பைபர் தூள் வில்லையில் ஒட்டும். வேலை தொடங்குமுன் கெமராவைக் கழற்ற வேண்டும், அல்லது நன்றாக மூடிக் கட்ட வேண்டும்.

மின்சாரம் மூன்றாவது விடயம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது பற்றரியின் வோல்ட் திடீரென இறங்கும். கெமரா அணைந்து மீண்டும் எழும்பும். இதைத் தவிர்க்க எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய பின்னரே கெமராவைப் போடப் பழகுங்கள். தனி பியூஸ், தனி சுவிட்ச் வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை பொருத்துமுனைகளைக் கழற்றிப் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படம் விட்டுவிட்டு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வயரையே, கெமராவை அல்ல. வில்லைக்கு உட்புறம் ஆவி படிந்தால் அடைப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். நீங்கள் திறக்காதீர்கள். திறந்தால் உத்தரவாதமும் போகும், கெமராவும் போகும்.

முதலாளியும் படகாட்களும்

இதில் வியாபாரச் சிக்கல் ஒன்று உண்டு. கெமராவை வாங்குபவர் முதலாளி, பாவிப்பவர் ஸ்கிப்பர், கழுவ வேண்டியவர் படகாள். மூவருக்கும் பொதுவான பொருள் மூவராலும் கைவிடப்படும். பயணச் செலவைக் கழித்துப் பங்கு பிரிக்கும் வழக்கம் உள்ள தொழிலில், கெமராவின் திருத்தச் செலவு பயணச் செலவா முதலாளியின் செலவா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். பேசாமல் விட்டால் முதல் பழுதிலேயே மனக்கசப்பு வரும். முதல் முதலாளியுடையது, அன்றாடப் பராமரிப்பு பெயர் குறித்த ஒருவருடையது என்று எழுதி வைத்தால் பிரச்சினை குறையும்.

விற்பனையாளரிடமும் சிலதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் படகில் இருக்கும் திரையில் இது ஓடுமா, இல்லை திரையும் புதிதாக வாங்க வேண்டுமா? பழுதானால் எந்த நாட்டுக்கு அனுப்புவது, கூலி யாருடையது? உத்தரவாதம் எந்தத் திகதியில் தொடங்குகிறது? கம்பனிகளும் கை மாறுகின்றன. ஃபிளிர் 2010 இல் ரேமரைனை வாங்கியது, 2021 இல் ஃபிளிரையே டெலிடைன் வாங்கியது. பழைய பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்து வாங்குமுன் அந்த மொடலுக்கு இன்னும் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். செக்கனுக்கு 9 படம் காட்டும் ரகமும் 30 படம் காட்டும் ரகமும் உண்டு. அமெரிக்க ஏற்றுமதி விதிகளில் 30 படத்துக்குக் கட்டுப்பாடு கூடுதலானது. வெளியிலிருந்து நீங்களாக இறக்குவதானால் பணம் அனுப்ப முன் எமது சுங்கத்திலும் அனுமதி பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லோருக்கும் இது தேவையா? இல்லை. காலையில் போய்ப் பகலில் திரும்பும் திமிங்கிலம் காட்டும் படகுக்கு இது அவசியமில்லை. உயிர்காப்பு அங்கி, சரியான விளக்குகள், வானொலி ஆகியவை இல்லாத படகில் கெமரா பூட்டுவது கூரையில்லாத வீட்டுக்குக் கதவு போடுவது போன்றது. அவை எல்லாம் இருந்து, தெய்வேந்திர முனைக்குத் தெற்கே உள்ளது போன்ற நெருக்கமான கப்பல் பாதைகளை இரவில் கடக்கும் படகுக்கும், இருட்டில் துறைமுகம் நுழையும் படகுக்கும் இது பெறுமதியான பொருள்.

வாங்குவதற்கு ஒரு நாள் போதும். அதன் பிறகு தினமும் அரைப் போத்தல் தண்ணீர் ஊற்ற ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைத் தீர்மானித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.