தங்கவயல் தொகுதி கண்ட தேர்தல்கள்

யானையும் கதிர் அரிவாளும் சேர்ந்து வென்ற ஊர்

1978-ம் ஆண்டு முதல் 2004-ம் ஆண்டு வரை கர்நாடக சட்டசபைக்கு ஏழு முறை பொதுத்தேர்தல் நடந்தது. ஏழு முறையும் கோலார் தங்கவயல் தொகுதி, மாநிலத்தை ஆளவந்த கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேவராஜ் அர்ஸ் முதல்-மந்திரியானபோதும் சரி, ராமகிருஷ்ண ஹெக்டே வந்தபோதும் சரி, தேவேகவுடா, எஸ்.எம்.கிருஷ்ணா வந்தபோதும் சரி, தங்கவயல்வாசிகள் எதிர் வரிசையில் உட்காரும் ஒருவரையே பெங்களூர் விதான சவுதாவுக்கு அனுப்பி வைத்தார்கள்.

அந்த ஏழு வெற்றிகளையும் மூன்று கட்சிகள் பங்கிட்டுக் கொண்டன. குடியரசுக் கட்சி மூன்று முறை, அ.தி.மு.க. மூன்று முறை, மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டு ஒரு முறை. ஊர் ஏன் இப்படி ஓட்டுப் போட்டது, அதனால் லாபமா நஷ்டமா என்பது இன்றும் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை டீக்கடைகளில் தீராத வழக்கு.

லைன் வீடுகளில் வளர்ந்த அரசியல்

1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் தோண்ட வந்தது. வேலைக்கு ஆள் வந்தது பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளில் இருந்து. அவர்களில் மிகப் பலர் நிலம் இல்லாத தாழ்த்தப்பட்ட மக்கள். சாம்பியன் ரீப், உரிகம், மைசூர், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களைச் சுற்றி எழுந்த லைன் வீடுகளில் அவர்கள் குடியேறினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 30 ஆயிரம் பேர் இங்கு வேலை பார்த்தார்கள்.

ஊரில் விட்டு வந்த சாதிக் கொடுமையும், சுரங்கத்தில் தினமும் காத்திருந்த உயிர் ஆபத்தும் இந்த மக்களுக்கு இரண்டு பாதைகளைக் காட்டின. ஒன்று சமுதாய விடுதலை. அயோத்திதாச பண்டிதரின் சாக்கைய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. பிற்காலத்தில் ‘தமிழன்’ பத்திரிகை தங்கவயலில் இருந்தே வெளிவந்தது. 1954-ம் ஆண்டு டாக்டர் அம்பேத்கர் இங்கு வந்து சென்றார்.

மற்றொன்று தொழிற்சங்கம். கைரேகை பதிவு செய்யும் முறையை எதிர்த்து 1930-ம் ஆண்டில் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946-ம் ஆண்டு நடந்த பெரிய போராட்டத்தின்போது, நவம்பர் மாதம், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் உயிர் இழந்தார்கள். அந்தப் போராட்டக் காலத்தில் தொழிலாளர்களின் தலைவராக விளங்கியவர் கம்யூனிஸ்டு கட்சியைச் சேர்ந்த கே.எஸ்.வாசன்.

ஆளுக்கு இரண்டு ஓட்டு

வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை கிடைத்த முதல் பொதுத்தேர்தல் 1952-ல் முடிந்தது. அப்போது தங்கவயல் இரட்டை உறுப்பினர் தொகுதி. அதாவது, ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.எல்.ஏ.க்கள். இரண்டில் ஒரு இடம் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனி பெட்டி வைக்கப்பட்டிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் பெட்டியில் போட்டு வரலாம்.

நாடெங்கும் காங்கிரஸ் அலை வீசிய அந்தத் தேர்தலில் தங்கவயலின் இரண்டு இடங்களும் காங்கிரசுக்குக் கிடைக்கவில்லை. கதிர் அரிவாள் சின்னத்தின் கட்சிக்காக கே.எஸ்.வாசனும், அம்பேத்கரின் ஷெட்யூல்டு காஸ்ட் பெடரேஷன் சார்பில் பி.எம்.சாமிதுரையும் வென்றார்கள். பெடரேஷனின் சின்னம் யானை.

1957-லும் இதே கதைதான். பெடரேஷனின் சி.எம்.ஆறுமுகம், இந்திய கம்யூனிஸ்டு கட்சியின் எம்.சி.நரசிம்மன் ஆகிய இருவரும் எம்.எல்.ஏ. ஆனார்கள். வாக்காளரின் கையில் இருந்த இரண்டு ஓட்டுகள், ஊரின் இரண்டு பாதைகளுக்கும் ஆளுக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன.

இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் 1961-ல் வந்தது. அதன்பின் தங்கவயலுக்கு ஒரே எம்.எல்.ஏ., வாக்காளருக்கு ஒரே ஓட்டு. முன்பு யானைக்கு ஒன்று, கதிர் அரிவாளுக்கு ஒன்று என்று போட்ட கை, இப்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. இரு கட்சிகளும் ஒன்றுக்கொன்று போட்டியாளர் ஆயின.

இரட்டை இலை வந்தது

பெடரேஷன் பின்னர் குடியரசுக் கட்சி ஆயிற்று. அதன் சார்பில் 1978-ல் சி.எம்.ஆறுமுகம் வென்றார். இதற்குள் மூன்றாவது பாதை ஒன்றும் திறந்துவிட்டது. குடியாத்தம், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று எல்லைக்கு அப்பால் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர் இது. தமிழக மேடைப் பேச்சும் சினிமாவும் இங்குள்ள லைன்களுக்குத் தாமதமின்றி வந்து சேரும். எம்.ஜி.ஆர். 1972-ல் தொடங்கிய அ.தி.மு.க.வுக்குத் தங்கவயலில் கிளை முளைத்ததில் வியப்பில்லை.

1983-ல் அ.தி.மு.க. வேட்பாளர் எம்.பக்தவச்சலம் வெற்றி பெற்றார். (தமிழகத்தின் முன்னாள் முதல்-மந்திரி வேறு, இவர் வேறு.) 1985-ல் மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டு கட்சியின் டி.எஸ்.மணி தொகுதியைக் கைப்பற்றினார். 1989-ல் மீண்டும் பக்தவச்சலம், 1994-ல் குடியரசுக் கட்சியின் எஸ்.ராஜேந்திரன், 1999-ல் மூன்றாம் முறையாகப் பக்தவச்சலம், 2004-ல் மீண்டும் ராஜேந்திரன் என்று வெற்றி மாறி மாறிச் சென்றது. 1978-க்குப் பிறகு 2004 வரை எந்தக் கட்சியும் அடுத்தடுத்து இரண்டு முறை இங்கு வெல்லவில்லை.

டெல்லிக்கு மட்டும் காங்கிரஸ்

பாராளுமன்றத் தேர்தலில் நிலைமை வேறு. தங்கவயல் கோலார் பாராளுமன்றத் தொகுதியில் அடங்கியது. 1952, 1957 தேர்தல்களில் கோலாரும் இரட்டை உறுப்பினர் தொகுதியே. மைசூர் ராஜ்யத்தின் முதல் முதல்-மந்திரி கே.சி.ரெட்டி 1957-ல் இங்கிருந்து பாராளுமன்றம் சென்றார். தங்கவயலை அடுத்த கியாசம்பள்ளி அவரது ஊர்.

1967 முதல் 1980 வரை நான்கு முறை ஜி.ஒய்.கிருஷ்ணன், 1991 முதல் 2014 வரை ஏழு முறை கே.எச்.முனியப்பா என்று கோலார் நெடுங்காலம் காங்கிரஸ் கோட்டையாக இருந்தது. 1984-ல் ஜனதாவின் வி.வெங்கடேஷ் வென்றது விதிவிலக்கு. 2019-ல் பா.ஜ.க.வின் எஸ்.முனிசாமியும், 2024-ல் ஜனதா தளம் (எஸ்) கட்சியின் மல்லேஷ் பாபுவும் வென்றார்கள். எட்டு சட்டசபை தொகுதிகள் சேர்ந்த பெரிய தொகுதியில் தங்கவயலின் ஓட்டு ஒரு பங்குதான்.

சுரங்கம் மூடியது

சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசின் கைக்கும், 1962-ல் மத்திய அரசின் கைக்கும் வந்தன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் இறங்கியும் மண்ணில் தங்கத்தின் அளவு குறைந்து கொண்டே வந்தது. செலவு ஏறிக்கொண்டே போனது. 1992-ல் நலிந்த தொழிற்சாலைகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் தந்த பூமி அது.

“ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போட்டிருந்தால் சுரங்கத்தைக் காப்பாற்றி இருக்கலாம்” என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் சுரங்கம் மாநில அரசின் சொத்து அல்ல. மத்திய அரசின் சொத்து. எந்தக் கட்சியின் எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் அதை மூடும் உத்தரவைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதேசமயம் குடிநீர், சாலை, புதிய தொழிற்சாலை ஆகியவை மாநில அரசு தரவேண்டியவை. அவற்றைக் கேட்டு வாங்க, எதிர் வரிசையில் ஒற்றை ஆளாக அமர்ந்த எம்.எல்.ஏ.வுக்கு எவ்வளவு பலம் இருந்திருக்கும் என்ற கேள்வியில் நியாயம் உண்டு.

எல்லை மாறியது

2008-ல் தொகுதி மறுசீரமைப்பு அமலுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த பேத்தமங்கலம் தொகுதி நீக்கப்பட்டு, அதன் கிராமங்களில் ஒரு பகுதி தங்கவயலோடு இணைக்கப்பட்டது. சுரங்க லைன்களும் நகரமும் முடிவு செய்து வந்த தேர்தலில் விவசாயக் கிராமங்களின் ஓட்டும் கலந்தது. வேலை தேடிப் பல குடும்பங்கள் ஊரைவிட்டுப் போனதால் நகரத்தின் பலமும் குறைந்திருந்தது.

அந்த ஆண்டு தேர்தலில் பா.ஜ.க.வின் ஒய்.சம்பங்கி வென்றார். மாநிலத்தில் பா.ஜ.க. ஆட்சி அமைந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தங்கவயலுக்கு ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. கிடைத்தார். 2013-ல் அவருடைய தாயார் ராமக்கா வென்றார். 2018-ல் காங்கிரசின் ரூபகலா வென்றார். இவர் கே.எச்.முனியப்பாவின் மகள். அவரை எதிர்த்து நின்றவர் சம்பங்கியின் மகள் அஸ்வினி. 2023-லும் இதே இருவர் மோதினர். சுமார் 50 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ரூபகலா மறுபடியும் வென்றார். குடியரசுக் கட்சியின் ராஜேந்திரன் அப்போதும் களத்தில் இருந்தார். ஆனால் யானையும் கதிர் அரிவாளும் இரட்டை இலையும் மோதிய காலம் 2004-ஓடு முடிந்து போனது.

கோரிக்கை மாறவில்லை

சின்னங்கள் மாறினாலும் தேர்தல் தோறும் லைன்களில் கேட்கப்படும் கோரிக்கைகள் மாறவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் சுரங்க வீட்டுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும். காற்றுக் காலத்தில் வீட்டுக்குள் தூசி கொட்டும் சயனைடு மேடுகளுக்கு வழி காண வேண்டும். ஊரிலேயே வேலை வேண்டும். 13 மண் மேடுகளில் மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024-ல் மாநில மந்திரிசபை சம்மதம் தந்தது. அதில் வரும் வேலையில் தங்கவயல் பிள்ளைகளுக்கு எத்தனை என்பதே இப்போது ஊரார் கேட்கும் கேள்வி.

விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் புறப்படும் ரெயிலில், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஏறும் கூட்டம் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறது. அவர்களில் பலருடைய பாட்டனார்கள் 1952-ல் ஆளுக்கு இரண்டு சீட்டு வாங்கி இரண்டு பெட்டியில் போட்டவர்கள். பேரப்பிள்ளைகள் கையில் இருப்பது ஒரே ஓட்டு. அதைப் போட ஓட்டுப்பதிவு நாளில் அவர்கள் தவறாமல் ஊரில் இருக்கிறார்கள். மறுநாள் காலை மீண்டும் அதே ரெயிலைப் பிடிக்கிறார்கள்.