அடிக்குரல் ராப்: பருப்பும் தாளிப்பும்

அடிக்குரல்காரர்கள் பலர் தங்கள் ராப் பதிவைக் கேட்டதும் துவண்டுபோகிறார்கள். நேரில் கணீரென்ற குரல் செல்போனில் முணுமுணுக்கிறது. உடனே கத்திப் பார்க்கிறார்கள். கத்த வேண்டாம், சாம்பார் வைக்கும் முறை தெரிந்தால் போதும்.

பருப்பு: ஆண்குரலின் அடிப்படை அதிர்வு பொதுவாக 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. அடிக்குரல் 100ஐ ஒட்டி நிற்கும். பீட்டின் கிக்கும் பேஸும் அந்தப் பக்கம்தான் குடியிருக்கின்றன. செல்போனின் சின்ன ஸ்பீக்கரோ அந்தக் கனத்தில் பெரும்பகுதியைத் தவறவிடுகிறது. பருப்பு எவ்வளவு குழைந்தாலும் அது மட்டும் சாம்பாராகாது.

தண்ணீர்: வாயை மைக்கோடு ஒட்டினால் அடி ஒலி மேலும் தடிக்கும், ஒரு திசை ஒலியை வாங்கும் மைக்குகளின் இயல்பு அது. ஒரு சாண் தள்ளி நில்லுங்கள், குரல் இளகும்.

தாளிப்பு: சொல்லைப் புரியவைப்பவை பெரும்பாலும் மெய்யெழுத்துகள். அவற்றின் வெடிப்பும் உரசலும் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் ஒலிப்பதால் பீட்டைத் தாண்டிக் கேட்கும். இதற்கு ஓர் ஆசான் திருவண்ணாமலையில் வாழ்ந்தார்: 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர். அவர் பாடிய திருப்புகழின் சந்தத்தில் வல்லினம் இரட்டித்தால் ‘தத்த’, மெல்லினத்தோடு வல்லினம் சேர்ந்தால் ‘தந்த’, மெல்லினம் இரட்டித்தால் ‘தன்ன’, இடையினம் இரட்டித்தால் ‘தய்ய’. உங்கள் வரியையும் முதலில் இப்படிச் சந்தமாக மட்டும் பீட்டின்மேல் சொல்லுங்கள். எங்கே வெடிக்க வேண்டும், எங்கே இழைய வேண்டும் என்று நாக்குக்குப் பிடிபடும். பிறகு சொற்களை வையுங்கள். மலேசியாவின் ராப் பாடகர் யோகி பி, நட்சத்ரா குழுவோடு 2006இல் தந்த ‘வல்லவன்’ தொகுப்பைக் கேளுங்கள். கனத்த குரலிலும் சொற்கள் தெறித்து விழும்.

உப்பு: எல்லா வரியும் ஒரே சுருதியில் போனால் கோபமும் ஏக்கமும் ஒன்றாகிவிடும். வரிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். அதைச் சற்று உயர்த்துங்கள், அல்லது நீட்டுங்கள், அல்லது அதற்கு முன் ஒரு நொடி நில்லுங்கள். எல்லாச் சொல்லையும் அழுத்தினால் கரித்துவிடும்.

தீ: மூச்சு குறையும்போது குரல் தாழும். அடிக்குரலுக்கு அதற்கும் கீழே அதிக இடமில்லை. வரியின் கடைசிச் சொல் கரகரத்து அமிழும். ராப்பில் இயைபு விழுவதோ அங்கேதான். எழுதிய தாளிலேயே மூச்செடுக்கும் இடங்களைக் கோடிட்டு வையுங்கள்.

ருசி பார்ப்பது: வரிகளைப் படிக்காத நண்பரிடம் பதிவைச் செல்போன் ஸ்பீக்கரில் போட்டு, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். நடுவில் சொற்கள் விடுபட்டால் தாளிப்பு போதவில்லை. கடைசிச் சொற்கள் விடுபட்டால் தீ தணிந்திருக்கிறது. எல்லாம் புரிந்தும் மனம் அசையவில்லை என்றால், உப்பைப் பாருங்கள்.