வானொலி கேட்டு வளர்ந்தவர்கள்

நோன்பு காலத்தில் மாலையானதும் எமது வீடுகள் பலவற்றில் வானொலிப் பெட்டிக்கு மீண்டும் உயிர் வந்துவிடுகிறது. கஞ்சிக் கோப்பையும் பேரீச்சம்பழமும் முன்னால் இருக்க, அதான் ஒலிக்கும்வரை எல்லோரும் காத்திருக்கிறோம். ஏனைய பதினொரு மாதங்களிலும் அந்தப் பெட்டியைத் தேடுவோர் எமது வயதினரில் மிகக் குறைவு. ஆனால் எமது உம்மம்மாமாரின் இளமைக் காலத்தில் வீட்டின் பொழுதையே வானொலிதான் நடத்தியது.

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 ஆம் திகதி ஆரம்பமானது. அதற்கு முன்னோடியாக உழைத்தவர் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேச நாட்டுப் படைகள் தமது வீரர்களுக்காக இங்கு ஒரு வானொலி நிலையத்தை நடத்தின. போர் முடிந்தபின் அதன் சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி எமது நாட்டுக்குக் கிடைத்தது. 1949 இல் 'ரேடியோ சிலோன்' உருவானது. 1967 இல் அது கூட்டுத்தாபனமாக மாறியது.

சிற்றலைக்கு ஒரு சிறப்பு உண்டு. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றம் பெற்ற ஒரு படை இருக்கிறது. சிற்றலை அதில் பட்டுத் திரும்பிப் பூமிக்கு வருவதால் கடல்களையும் தாண்டிச் செல்கிறது. இன்றைய பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் அவ்வளவு தூரம் போவதில்லை. இதனால்தான் கொழும்பில் பேசிய குரல் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் கேட்டது. 1952 இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இந்திய நேயர்கள் பெருந்தொகையாக இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர்.

எமது நாட்டுப் பிள்ளைகளுக்கு அது பாட்டுப் பெட்டி மட்டுமாக இருக்கவில்லை. காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டபடி பாடசாலைக்கு ஆயத்தமானார்கள். 'சிறுவர் மலர்' நிகழ்ச்சியைத் தம்முடையதாகவே நினைத்தார்கள். இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களைக் கேட்டு ல, ள, ழ வேறுபாட்டைப் பழகிக்கொண்டார்கள். நகைச்சுவை நாடகத் தொடரொன்றில் எஸ். ராம்தாஸ் 'மரிக்கார்' என்ற பாத்திரமேற்று முஸ்லிம்களின் பேச்சுத் தமிழைப் பேசினார். பின்னர் அவரது பெயரே 'மரிக்கார் ராம்தாஸ்' ஆகிவிட்டது. அந்த நாடகம் 1976 இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. தமது குசினியில் பேசும் தமிழை வானொலியில் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்!

முஸ்லிம் சேவை எமது சமூகத்துக்கு இன்னும் நெருக்கமானது. இருபத்தொன்பதாம் நோன்பு இரவில் பிறை அறிவித்தலுக்காகப் பிள்ளைகள் தூங்காமல் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்களாம். நோன்பு திறக்கும் நேரத்திலோ ஒரு கணக்கும் இருந்தது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடங்கள் எடுக்கும். கிழக்கே இருக்கும் மட்டக்களப்பில் கொழும்பைவிட ஏறக்குறைய 7 நிமிடங்கள் முன்னதாகவே சூரியன் மறைந்துவிடும். ஆகவே கிழக்கில் இருப்பவர்கள் கொழும்பு நேரத்திலிருந்து நிமிடங்களைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது முஸ்லிம் சேவையில் பெண்களுக்கென ஒலித்த 'மாதர் மஜ்லிஸ்' என்றே நான் நினைக்கிறேன். பெரிய பிள்ளையானதும் படிப்பை நிறுத்திவிடுவது அக்காலத்தில் பல குடும்பங்களில் வழக்கமாக இருந்தது. எனது உம்மம்மாவும் ஏழாம் வகுப்போடு நின்றவர்தான். "எழுத்து மறந்து போகாம இருந்தது ரேடியோவாலதான் மகள்" என்று அவர் சொல்வார். கேட்டவற்றைப் பழைய கொப்பியொன்றில் எழுதி வைத்தாராம். ஒருநாள் தானே சில வரிகள் எழுதி, தம்பியிடம் கொடுத்துத் தபாலில் போடச் செய்திருக்கிறார். சில வாரங்களின் பின் அவரது பெயரும் ஊரும் வானொலியில் ஒலித்தன. அவரது வாப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் கடையிலிருந்து வரும்போது ஒரு புதுக் கொப்பியும் முத்திரைகளும் வாங்கி வந்தாராம்.

வாசலைத் தாண்டிப் போக முடியாத ஒரு பிள்ளையின் பெயர் அன்று நாடு முழுவதும் போயிருக்கிறது. இன்று நாம் பாடசாலைக்கு வந்து, இது போன்ற சஞ்சிகைகளில் எழுதுகிறோம். எமக்கு முன்னே தபாலுறைக்குள் வைத்துத் தம் எழுத்தை வெளியே அனுப்பியவர்கள் எமது வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

அவர்களது நினைவுகள் எந்தப் பாடநூலிலும் இல்லை. எனவே இந்த விடுமுறையில் அவர்கள் பக்கத்தில் சற்று உட்காருவோம். வீட்டுக்கு முதலில் வானொலி வந்தது எப்போது, எந்த நிகழ்ச்சிக்காக வீடே அமைதியானது, யாருடைய குரலைக் கேட்டுப் பேசப் பழகினீர்கள் என்று கேட்போம். அவர்கள் சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, கொப்பியிலும் எழுதி வைப்போம். பெற்றோரும் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்தால், அவர்களுக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கும்.