ஜம்போ ஜெட்டுக்கு ஒரு பொது அறிவிப்பு

2015 டிசம்பரில் மலேசியாவின் ‘தி ஸ்டார்’ நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் நிற்கும் மூன்று போயிங் 747 விமானங்களின் உரிமையாளர் 14 நாளுக்குள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வராவிட்டால் விற்போம், அல்லது வேறு வகையில் அப்புறப்படுத்துவோம். வரும் பணத்தைத் தரையிறங்கிய கட்டணம், நிறுத்திவைத்த கட்டணம் முதலான பாக்கிக்கு வரவு வைப்போம். இதுதான் செய்தி.

உலகமே சிரித்தது, இவ்வளவு பெரிய விமானத்தை யாராவது மறந்துவிட்டுப் போவார்களா என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிள்ளானில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கடன் வசூல் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். பத்திரிகையில் முதலில் புரட்டுவது பொது அறிவிப்புப் பக்கத்தைத்தான். சொந்தக்காரர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும், ‘எனக்கு யாருமே சொல்லவில்லையே’ என்று நாளைக்கு ஒருவரும் கோர்ட் படி ஏறக்கூடாது. அந்த விளம்பரத்தின் உயிர் இந்த இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது.

பழுது பார்க்க விட்ட காரை ஆள் வந்து எடுக்கவில்லை என்பதற்காக மெக்கானிக் தன் இஷ்டத்துக்கு விற்றுவிட முடியாது. கார் வங்கிக் கடனில் இருக்கும். விமானத்தில் இந்தச் சிக்கல் பல மடங்கு. வாலில் பெயர் எழுதியிருக்கும் நிறுவனம் பல நேரம் அதை ஓட்டுகிற நிறுவனம் மட்டுமே. சொந்தக்காரர் குத்தகைக்கு விட்ட வேறொரு நிறுவனம். அதற்குக் கடன் கொடுத்தது ஏதோ ஒரு வங்கி. இறக்கையில் தொங்கும் எஞ்சின்கூட இன்னொருவருடையதாக இருக்கலாம். கோலாலம்பூரில் நின்ற மூன்றின் பதிவு எழுத்துகளும் ‘டிஎஃப்’ என்று தொடங்கின. அது ஐஸ்லாந்தின் குறி. முன்பு அவற்றை வைத்திருந்த ஏர் அட்லாண்டா ஐஸ்லாண்டிக், 2008-லேயே விற்றுவிட்டோம் என்று கைவிரித்தது.

ஆகவே அவசரப்பட்டு விற்றால், வாங்கியவர் தலையில் வழக்கு விழும். அதைத் தவிர்க்கத்தான் சட்டம் படிப்படியாக நடக்கச் சொல்கிறது. மலேசிய நிலையம் 1996-ஆம் ஆண்டு விமான நிலைய விதிகளைக் காட்டி அறிவிப்புக் கொடுத்தது. பிரிட்டனில் 1982-ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் 88-ஆம் பிரிவு இன்னும் விவரமானது. கட்டணம் கட்டாத விமானத்தை நிலையம் தடுத்து வைக்கலாம். பாக்கிக்காரர் ஓட்டும் வேறு விமானத்தையும் பிடிக்கலாம். 56 நாளில் பணம் வராவிட்டால் நீதிமன்ற அனுமதியோடு விற்கலாம். அதற்கு முன் பாத்தியதை உள்ளவர்களுக்குத் தகவல் போயிருக்க வேண்டும். அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடக் கூடாது. விற்ற பணத்தில் முதலில் சுங்கவரி, பிறகு தடுத்துவைத்து விற்ற செலவு, அதற்கப்புறம்தான் நிலையத்தின் பாக்கி. மிஞ்சினால் உரிமை இழந்தவர்களுக்குப் போகும்.

கோலாலம்பூர் விளம்பரம் வீணாகவில்லை. சில நாளிலேயே ஸ்விஃப்ட் ஏர் கார்கோ என்ற நிறுவனம், விமானங்கள் எங்களுடையவை என்று முன்வந்தது. அதுவரை பேச ஆளில்லாமல் இருந்த கோப்பில் ஒரு பெயர் விழுந்தது.

ஆனால் இத்தனை ஒழுங்குக்கும் ஒரு விலை உண்டு. கோப்பு நகர நகர நிறுத்துமிட வாடகை ஏறும், விமானத்தின் மதிப்பு இறங்கும். இந்தியத் தொழிலதிபர் விஜய் மல்லையாவின் ஏர்பஸ் 319 மும்பையில் நின்றது. அதை முடக்கியது சேவை வரித் துறை. 2016-இல் 152 கோடி ரூபாய் அடிப்படை விலை வைத்தும் ஆள் வரவில்லை. அடுத்த முயற்சியில் ஒருவர் கேட்டது 1.09 கோடி. அது கடைசியில் 34.8 கோடிக்குப் போனது 2018-இல். நாக்பூரில் 1991-இல் வந்து நின்ற கான்டினென்டல் ஏவியேஷனின் போயிங் 720, நின்ற இடத்தைவிட்டு அகற்றப்பட்டது 2015-இல்.

கடன் வசூலில் நான் கற்றது இங்கும் பொருந்தும். தடுத்து வைக்கும் உரிமைக்குப் பல் இருப்பது, அந்தப் பொருள் யாருக்காவது தேவைப்படும்வரைதான். நாளைக்குப் பறக்க வேண்டிய விமானத்தைப் பிடித்தால் இன்றைக்கே பணம் வரும். எஞ்சின் கழன்று, டயர் அமுங்கிய பிறகு அதே சட்டம் பழைய இரும்பு விற்கத்தான் உதவும். விளம்பரம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்ட நிலையம், பில் கட்டாத முதல் சில மாதங்களைச் சும்மா விட்டுவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.