ஊருக்குப் போன கதை: மூதூர்ப் புளியமரத்தடி

போன வாரம் கிண்ணியாப் பாலத்தில் வானை நிறுத்தச் சொல்லி அம்மா இறங்கி நின்றதோடு விட்டிருந்தேன். லண்டனில் இருந்து அம்மாவும் நானும் பிள்ளைகளும் எங்கள் ஊரான இலங்கைத்துறைக்குப் போகும் பயணம் இது. இந்த வாரம் இலங்கைத்துறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று எழுதியிருந்தேன். ஆனால் வழியில் மூதூர் இருக்கிறது. மூதூரில் ஒரு புளியமரமும் அதனடியில் ஒரு கல்லும் இருக்கின்றன. அந்தக் கல் இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருக்கிறது.

பாலத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். 2009 அக்டோபரில் திறந்தார்கள், 396 மீட்டர் நீளம். அதற்கு முந்தி அந்த நீரைக் கடக்கப் பாதை என்ற மிதவைதான். கயிறும் ஆட்களுமாக இழுபடும் அந்தத் தட்டில் பஸ்ஸும் மாட்டு வண்டியும் மனிதர்களும் ஒன்றாக ஏறி நிற்பார்கள். திருகோணமலையில் இருந்து மட்டக்களப்புக்குப் போகிறவன் ஒன்றல்ல, இப்படிப் பல பாதைகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அவசரமென்றால் திருகோணமலைத் துறையில் லோஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் குறுக்கே வெட்டி மூதூரில் இறங்குவார்கள். அம்மா பிள்ளைப்பேற்றுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போனதும் லோஞ்சில்தான். இப்போது வான் சில நிமிடத்தில் பாலத்தைக் கடந்துவிடுகிறது. என் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் நீர் இருந்ததே சரியாகத் தெரியவில்லை.

மூதூரில் தேநீர் குடிக்க இறங்கினோம். கடைக்காரர் எங்கள் பேச்சிலும் பிள்ளைகளின் சப்பாத்திலும் இருந்து கண்டுபிடித்துவிட்டார்.

"லண்டனில இருந்தா வாறீங்க? அப்ப வெள்ளைக்காரன்ட மரத்தப் பார்க்கத்தான் வந்திருப்பீங்க."

"இல்லத் தம்பி, நாங்க இலங்கைத்துறை ஆக்கள்" என்றார் அம்மா.

"அப்ப நம்மட ஆக்கள்தானே! அம்மா, முதல்ல இருங்க."

தேநீருக்கு அவர் காசு வாங்கவில்லை. மரத்துக்கு வழிகாட்டத் தன் மகனையும் அனுப்பினார். எங்களுக்கு முன் லண்டனில் இருந்து வந்தவர்கள் பலரும் அந்தக் கல்லைத் தேடி வந்திருக்க வேண்டும். அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருப்பதன் சாரம் இது: ஆன் என்ற கப்பலின் தலைவன் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் இந்த மரத்தடியில் சிறைபிடிக்கப்பட்டான், கண்டி அரசன் 19 ஆண்டுகள் வைத்திருந்தான். கல்லை வைத்தவர்கள் தகப்பனையும் மகனையும் ஒருவராக்கிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பெயர். தலைவன் தகப்பன். 19 ஆண்டு இருந்தவன் மகன்.

கதையைக் கேளுங்கள். ஆன், கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஓடிய கப்பல். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரத்தைப் பறிகொடுத்தது. புதுமரம் வெட்டி நாட்டவும், அதுவரை துணி விற்கவும் சென்னைக் கோட்டையில் இருந்து அதை இந்தக் கொட்டியாரக் கரைக்கு அனுப்பினார்கள். பரங்கிப்பேட்டை வணிகர்கள் சிலரும் கப்பலில் வந்தார்கள். இங்கே எல்லாம் சுமுகமாகத்தான் இருந்தது. பிறகு கண்டியில் இருந்து இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் வந்தார்கள். அரசனின் கடிதம் வந்திருக்கிறது என்று சொல்லித் தலைவனைக் கரைக்கு அழைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மகனும் கரைக்கு வந்து அகப்பட்டான். மொத்தம் 16 பேர். மகனுக்கு அப்போது 19 வயது.

அவர்களை இருட்டறையில் போடவில்லை. மலைநாட்டுக் கிராமங்களில் ஆளுக்கு ஓரிடமாகப் பிரித்து விட்டு, ஊரார் சோறு போட வேண்டும் என்று கட்டளை. ஓராண்டுக்குள் தகப்பன் காய்ச்சலில் இறந்தான், மகனே குழி வெட்டிப் புதைத்தான். பிறகு அவன் தொப்பி பின்னி விற்றான், பன்றியும் கோழியும் வளர்த்தான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். ஒருநாள் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போது, கிழவர் ஒருவர் போர்த்துக்கீசரிடம் இருந்து கொழும்பில் கிடைத்த புத்தகம் ஒன்று வைத்திருப்பதாகத் தெரிய வந்தது. பார்த்தால் ஆங்கில பைபிள். தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டான். தன் மொழியில் அச்சடித்த எழுத்தைப் பார்க்காமல் ஆண்டுகளைக் கடத்தியவனுக்கு அந்தப் புத்தகம் என்னவாக இருந்திருக்கும்! அகதி முகாமில் பழைய வீரகேசரித் துண்டொன்று கையில் கிடைத்தால் பெரியவர்கள் அதை எப்படி வாசிப்பார்கள் என்று பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் இந்த இடத்தைத் தாண்டிப்போக முடியவில்லை.

கடைசியில் தலைச்சுமை வியாபாரியாக வடக்கே வடக்கே போய் வழி பழகினான். 1679 அக்டோபரில் ஒரு தோழனோடு அனுராதபுரத்தைத் தாண்டி, அருவி ஆற்றங்கரையோடு காட்டுக்குள் நடந்து, மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையில் போய்ச் சேர்ந்தான். அங்கிருந்து பத்தாவியா, பந்தம் என்று சுற்றி 1680 செப்டம்பரில் லண்டனில் இறங்கினான். வயது 39. திரும்பும் கப்பலிலேயே தான் கண்டதையெல்லாம் எழுதத் தொடங்கியிருந்தான். அறிவியலாளர் ரொபர்ட் ஹூக்கின் துணையோடு 1681இல் புத்தகம் வந்தது. பல ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. பதினேழாம் நூற்றாண்டுக் கண்டி இராச்சியத்தில் உழவு எப்படி, உணவு எப்படி, வீடு எப்படி, கலியாணம் எப்படி, வரி எப்படி என்று கேட்பவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்தைத்தான் திறக்கிறார்கள்.

இனிமேல்தான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்தி. நொக்ஸ் 1720 ஜூனில் இறந்தான். அவனை அடக்கம் செய்தது விம்பிள்டனில்.

லண்டன் தமிழர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். விம்பிள்டன் என்றால் உலகத்துக்கு டென்னிஸ். எங்களுக்குப் பிள்ளையார் கோயில். 1981இல் தொடங்கிய கோயில் அது. ஊரை விட்டு வந்த முதல் தலைமுறை நேர்த்தி வைத்ததும், பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கியதும், கொழும்பில் இருந்து நல்ல செய்தி வர வேண்டுமென்று தேங்காய் உடைத்ததும் அங்கேதான். ஊர் போரில் சிக்கிய 2006 முழுக்க அம்மா வெள்ளி தவறாமல் அந்தச் சந்நிதியில் நின்றார். கொட்டியாரத்தில் இருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவன் படுத்திருக்கும் அதே ஊரில், கொட்டியாரத்தில் இருந்து துரத்தப்பட்டவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பயணம் முடிந்து வந்து நூலகத்தில் இதை வாசித்தபோது மேசையை விட்டு எழுந்துவிட்டேன். அம்மாவுக்கு அங்கிருந்தே போன் எடுத்துச் சொன்னேன். "அவனும் ஊருக்குத் திரும்பி வந்து சேர்ந்தானா?" என்றுதான் முதலில் கேட்டார். "ஓம் அம்மா, தாயையும் அங்கதான் புதைச்சிருக்கு." "அது போதும்" என்றார்.

நொக்ஸைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விட மனமில்லை. புத்தகம் அச்சாகிப் புகழ் வந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. அச்சிட்ட தாள்களுக்கிடையே வெள்ளைத் தாள்கள் வைத்துக் கட்டுவித்து, நினைவு வந்ததையெல்லாம் எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தான். லண்டனில் உட்கார்ந்து கண்டி மலைக் கிராமத்தின் நெல்லையும் மரத்தையும் ஒரு கிழவன் எழுதுகிறான். அந்தப் பிரதி பல காலம் மறைந்து கிடந்து இருபதாம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கைதியாக இருந்த ஊரைக்கூட மனிதன் அப்படி நினைவில் வைத்திருக்கிறான். பிறந்த ஊரை நாங்கள் எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் இந்தத் தொடர் முழுக்க நான் கேட்டுக்கொண்டு வரும் கேள்வி.

மூதூரில் நான் பார்த்தது நொக்ஸின் கல்லை மட்டும். இந்த மண்ணையே எழுதிய வ.அ. இராசரத்தினம் மூதூர்க்காரர். 'தோணி' அவருடையது. சொந்தத் தோணிக்கு ஏங்கும் கரையோரத்து ஏழைப் பையனை அவர் எழுதியதுபோல் எழுத, அந்தக் கரையில் பிறந்திருக்க வேண்டும். 2001இல் போய்விட்டார். 2006 ஓகஸ்டில் இதே மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அதே நாட்களில் மூதூர் முஸ்லிம்கள் ஊரோடு கிளம்பிக் கந்தளாய்க்கு நடந்தார்கள். எங்களுக்குத் தேநீர் தந்தவரும் அப்படி நடந்தவர்தான். கைக்குழந்தையோடு நடந்ததாகச் சொன்னார். எங்களுக்கு வழிகாட்டிய பையன்தான் அந்தக் குழந்தை.

அந்த ஆண்டு ஜூலையில் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டதில் தொடங்கிய சண்டை அது. செப்டம்பரில் சம்பூர் வீழ்ந்தது. மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் இருந்த தமிழர்கள் வெருகலைக் கடந்து வாகரைக்கு ஓடினார்கள். அங்கும் ஷெல் விழ, மட்டக்களப்பு முகாம்களுக்கு ஓடினார்கள். இலங்கைத்துறையில் மிச்சமிருந்த எங்கள் உறவுகளும் அவர்களோடுதான். நாங்கள் 1990இலேயே மண்டபம் முகாம் வழியாகப் போய்விட்டவர்கள். 2004 சுனாமியும் அடுத்த போரும் ஊரை அடித்தபோது தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். 2007இல் சனங்களைத் திரும்ப அனுப்பத் தொடங்கியபோது பலருக்கு வீடு இல்லை, சிலருக்கு வளவின் எல்லையே தெரியவில்லை.

புளியமரத்தடியில் அம்மா கல்லை வாசிக்கவில்லை. கீழே கிடந்த புளியம்பழம் ஒன்றை எடுத்து ஓட்டை உடைத்து, நரம்பை உரித்து, பேத்தியின் வாயில் வைத்தார். புளிப்பில் அவள் முகம் சுளித்ததைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வானில் ஏறியதில் இருந்து வாய் மூடவில்லை. தோப்பூர், கிளிவெட்டி, சேருவில, ஈச்சிலம்பற்று, பூநகர். ஊர் வரமுந்தியே பெயர் வந்துவிடும். எந்தப் பூவலில் கோடையிலும் நல்ல தண்ணீர், எந்தக் காற்றுக்கு முகத்துவாரம் மணல் மூடும், களப்பில் எந்தப் பக்கம் இறால் படும், வெருகல் சித்திரவேலாயுதர் திருவிழாவுக்கு எந்தக் குறுக்குப் பாதையால் நடப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கதிர்காமத்துக்கு நடக்கும் சாமிமார் தங்கிப் போகும் இடத்தைக் கை நீட்டிக் காட்டினார். என் மகன் தன் போனில் வரைபடத்தைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடினான். பாதிக்கு மேல் அதில் இல்லை.

இலங்கைத்துறைக்குத் திரும்பும் இடத்தில் பலகை. லங்காபட்டுன என்றிருந்தது. கலிங்கத்தில் இருந்து ஹேமமாலாவும் தந்தகுமாரனும் புத்தரின் தந்ததாதுவை இந்தக் கரையில்தான் இறக்கினார்கள் என்பது பௌத்தர்கள் சொல்லும் வரலாறு. முகத்துவாரத்துக் குன்றில் சமுத்திரகிரி விகாரை நிற்கிறது. தெற்கில் இருந்து பஸ்களில் வந்து வணங்கிப் போகிறார்கள். அவர்கள் வணங்குவதில் எனக்கு வருத்தமில்லை. கடலோரம் வந்து இறங்கிய எந்தத் தெய்வத்தையும் இந்தக் கரை திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் அம்மா சின்ன வயதில் முருகனுக்கு விளக்கு வைத்த குன்று அது. பலகையைப் பார்த்து அம்மா டிரைவரிடம், "தம்பி, வழி பிழைச்சிட்டுது போல, திருப்புங்க" என்றார். வழி பிழைக்கவில்லை. அதைச் சொல்ல எனக்குச் சில நொடி பிடித்தது.

குன்றையும் வீட்டையும் இந்த வாரத்துக்குள் அடக்க முடியாது. ஆசிரியர் இன்று மாலைக்குள் கேட்கிறார். அவசரத்தில் நாலு வரியில் எழுதிவிடக்கூடிய இடமல்ல அது. அடுத்த வாரம் அம்மாவின் வளவுக்குள் போவோம். 

அதற்கிடையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் கொட்டியாரத்துப் பெரியவர் ஒருவர் இருந்தால், கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ஊரின் கிணறு, குளம், வயல், ஒழுங்கை, மரம் எல்லாவற்றின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். எது எதற்கு வடக்கே, எது யாருடையது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இலங்கைத்துறை, ஈச்சிலம்பற்று, வெருகல், சம்பூர், கட்டைபறிச்சான், மூதூர், எந்த ஊரானாலும் சரி. எழுதியதில் ஒரு பிரதியை இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். வருவதை எல்லாம் ஊர்வாரியாகத் தொகுத்து இந்தத் தொடரின் முடிவில் அச்சிட ஆசிரியர் சம்மதித்திருக்கிறார். பெரியவர்களுக்கு வயதாகிறது. இந்தக் கிழமையே கேளுங்கள்.